இரண்டு வ. ரெங்கசாமி

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. அன்றைய டைரிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "5.40 எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, இரண்டு டிரம்மும் நிறைந்தன. 7.20 பஸ், மேற்கு ஜன்னல். மலை மேல் மேகம், அய்யனார் கோவில் பக்கம் மழை இருக்கும். 8.05 அலுவலகம். பேக்கப் சரி. டிஸ்க்கில் இடம் இருக்கிறது. பிழைப் பதிவில் புதிதாக ஒன்றும் இல்லை."

அதே பக்கத்தின் கீழ்ப்பாதி பென்சிலில் எழுதப்பட்டிருக்கிறது. பேனாவை எங்கோ வைத்துவிட்டுத் தேட நேரமில்லாமல் கிடைத்ததை எடுத்து எழுதினேன். பதினெட்டு ஆண்டு டைரிகளில் பென்சிலால் எழுதிய பக்கம் அது ஒன்றுதான். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். மருத்துவமனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை உண்டு. நோயாளிகளை இரண்டு ஊரிலும் பதிவார்கள். எல்லாப் பதிவும் ராஜபாளையத்து சர்வரில் ஒரே டேபிளில் வந்து சேரும். கருப்புத் திரையில் கமாண்ட் அடித்து அந்த டேபிளைப் பராமரிப்பது என் வேலை. என்னோடு சாகுல் இருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர், வேகமான கை, அதைவிட வேகமான வாய்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது மாற்றும் கமாண்டை ஒருவர் அடிக்க வேண்டும். மற்றவர் அதைத் தமிழில் முழு வாக்கியமாக உரக்கப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் என்டர். சாகுல் ஒருமுறை பயிற்சி டேட்டாபேஸ் என்று நினைத்து உண்மையானதில் ஒரு டேபிளை அழித்துவிட்டார். அதன் பிறகு அவரே கொண்டுவந்த பழக்கம் இது. "எந்த டேட்டாபேஸ்ல" என்ற சொல்லில்தான் ஒவ்வொரு வாக்கியமும் தொடங்க வேண்டும் என்பதும் அவர் விதி. நல்ல விதி. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை அந்த ஜூலை ஒன்பதாம் தேதி தெரிந்துகொண்டேன்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவது எங்களுக்கு நெடுநாள் தொல்லை. ராஜபாளையத்தில் ஒரு எண், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எண். ரத்தப் பரிசோதனை ஓர் எண்ணில் இருக்கும், மருந்துச் சீட்டு இன்னொன்றில் இருக்கும். இவற்றை ஒன்றாக்குவது என்று முடிவானது. எப்போது இரண்டு பதிவும் ஒரே ஆள்? பெயர், முன்னெழுத்து, தெருவும் ஊரும், தொலைபேசி எண், இந்த நான்கும் பொருந்தினால் ஒரே ஆள். எந்த எண்ணில் கடைசியாக மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்களோ அந்த வரி நிற்கும், மற்றது போகும், போவதன் சீட்டுகள் நிற்பதன் எண்ணுக்கு மாறும். இதுதான் நான் எழுதிய விதி.

வயதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் விட்டேன். எங்கள் பக்கத்தில் வயது கேட்டால் போன தடவை சொன்னதையே சொல்பவர்கள் உண்டு. "அறுவது இருக்கும், போட்டுக்கோங்க" என்பவர்கள் உண்டு. ஒரே ஆளுக்கு மூன்று பதிவில் மூன்று வயது பார்த்திருக்கிறேன். நம்ப முடியாத நெடுவரிசையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று ஒதுக்கினேன். அது பாதி சரி.

காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினோம். பகலில் ஏன் என்றும் சிலர் பின்னால் கேட்டார்கள். இன்றும் அதையேதான் சொல்வேன்: பெரிய மாற்றத்தைப் பகலில் செய்யுங்கள். தலை தெளிவாக இருக்கும். அதைவிட, எங்காவது தவறினால் கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் விழித்திருப்பார்.

பட்டியலில் நாற்பத்தாறு ஜோடிகள் வந்தன. நான் கமாண்டை அடித்தேன். சாகுல் படித்தார்: "எந்த டேட்டாபேஸ்ல? உண்மையான டேட்டாபேஸ்ல. நோயாளி டேபிள்ல, பேரு, முன்னெழுத்து, தெரு, போன் நாலும் ஒண்ணா இருக்கிற ஜோடியில, பழைய வரியை எடுத்துரு." ஒரு நொடி நிறுத்தினார். "அக்கா, எங்க வாப்பாவோட வாப்பா பேரும் சாகுல்தான். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிராதீக. அவரு மௌத்தாகி இருவது வருசம் ஆச்சு, பொறவு எனக்குச் சம்பளம் போட மாட்டாக."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என்டர் தட்டினேன். நாற்பத்தாறு வரிகள் என்று திரை சொன்னது. எதிர்பார்த்த எண்ணிக்கைதான். கமிட் கொடுத்தேன். மணி 10.14. கமிட் ஆகும் வரை ரோல்பேக் என்று ஒரு சொல்லில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கலாம். ஆன பிறகு முடியாது.

12.52க்கு உள்தொலைபேசி அடித்தது. ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய வார்டில் இருக்கும் செண்பகம். தளவாய்புரத்துப் பெண், நல்ல நர்ஸ், குறை சொல்லாமல் எந்தப் பேச்சையும் தொடங்க மாட்டாள்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு மங்கிட்டா? எழுவத்தோரு வயசு மனுசருக்குப் பத்தொம்போதுன்னு அடிச்சுருக்கு. கவுண்டர்ல பேனாவால வெட்டித் திருத்தி அனுப்பியிருக்காக. திருத்துன தாளைப் பாத்தா டாக்டர் என்னைத்தான ஏசுவாரு?"

"யாருக்கு?"

"வ. ரெங்கசாமி. மகாராஜபுரம். குடலிறக்கம், ரெண்டு மணிக்கு ஆபரேஷன். புதுசா ஒரு தாள் அடிச்சுக் குடுங்க."

"பத்தொன்பதுன்னு எப்படி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ஒருவேளை பேரன் வயசா இருக்கும். கூடதான் நிக்கான். நாய் கடிச்சு அங்கன வில்லிபுத்தூர்ல ஊசி போட்டுக்கிட்டு இருந்தானாம், நேத்துத்தான் கடைசி ஊசியாம். அவனுக்கும் இதே பேருதான். தாத்தா பேரு."

இந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன். பெரியவர் ரெங்கசாமியின் அப்பா வரதராசு, ஆகவே வ. ரெங்கசாமி. அவர் தன் மகனுக்குத் தன் அப்பா பேரை வைத்தார், அவன் ரெ. வரதராசு. வரதராசு தன் மகனுக்குத் தன் அப்பா பேரை வைத்தார். அவனும் வ. ரெங்கசாமி. வீடு ஒன்று, தெரு ஒன்று. வீட்டுக்கு வரதராசுவின் போன் எண் ஒன்றுதான். நான்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் பொருந்தும். என் தம்பிக்கும் எங்கள் தாத்தாவுக்கும் ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து. எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் டேபிளைப் பார்க்கும்போது நான் ஊர்க்காரியாகப் பார்க்கவில்லை, வரிகளைப் பார்த்தேன்.

பெரியவர் வார்டில் சேர்ந்தது அன்று 10.14க்குப் பிறகு. பேரன் முந்தைய நாளே ஊசிக்கு வந்திருந்ததால் அவன் வரி நின்றது. தாத்தாவின் வரியை நான் எடுத்துவிட்டேன். அந்த வரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எந்த மருந்து சேராது என்பதை எங்கள் மருத்துவமனையில் தாளில் எழுதி வைப்பதில்லை. அந்த வரியிலிருந்துதான் தியேட்டர் தாளில் அச்சாகும். எழுதுவதை நிறுத்தி அச்சுக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

"செண்பகம், அந்தத் தாள்ல மருந்து ஒவ்வாமைன்னு ஒரு கட்டம் இருக்கும். என்ன போட்டிருக்கு?"

"இல்லைன்னு போட்டிருக்கு. அதான் ஊசி ஒத்துக்குதான்னு பாக்க டெஸ்ட் டோஸ் எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"போடாத. அவருக்கு எந்த ஊசியும் போடாத."

"டாக்டர் சொல்லாம நான் எப்படிக்கா நிறுத்துவேன்?"

"ஒவ்வாமைப் பதிவு தப்பா இருக்கலாம், தப்பு டேட்டாபேஸ் செக்‌ஷனோடது, என் பேரைச் சொல்லு. பதினஞ்சு நிமிசம் கேக்கேன்னு சொல்லு."

நான் இதுவரை செய்த வேலையில் சரியான கமாண்ட் எது என்று கேட்டால், கீபோர்டைத் தொடாமல் சொன்ன அந்த வாக்கியங்களைத்தான் காட்டுவேன். எனக்கு அப்போது சந்தேகம் மட்டுமே இருந்தது, ஆதாரம் இல்லை. முதலில் தேடிப் பார்த்துவிட்டு, உறுதியான பிறகு சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தால் ஊசி என்னை முந்தியிருக்கும். கெட்டுப்போன தகவலை யார் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களோ அவர்களை முதலில் நிறுத்துங்கள். சர்வர் காத்திருக்கும்.

ஐந்து நிமிடத்தில் மேலாளர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அறுவை செய்பவர் மதுரையிலிருந்து வருபவர், ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், அவருக்கு அன்று மூன்று அறுவை. மேலாளர் நியாயமான மனிதர்தான், அவசரத்தில் இருந்தார்.

"நேத்து ராத்திரி பேக்கப் இருக்குல்ல மேடம்? அதைத் தூக்கி அப்படியே போட்டு விடுங்க. எல்லாம் பழையபடி ஆயிரும்லா?"

"ஆயிரும் சார். இன்னைக்குக் காலையிலருந்து வார்டுல குடுத்த மருந்து எல்லாம் குடுக்காத மாதிரியும் ஆயிரும். அடுத்த ஷிப்டுல வாரவுக அதைப் பாத்து ரெண்டாந் தடவை குடுப்பாக."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப என்னதான் செய்யப் போறீக?"

"பக்கத்துல வச்சுப் பாக்கப் போறோம்," என்றார் சாகுல். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் செண்பகத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காலியான ஒரு புது டேட்டாபேஸை உருவாக்கி, அதற்கு 'ஒத்திகை' என்று பெயர் வைத்து, முந்தைய இரவின் பேக்கப்பை அதில் ஏற்றத் தொடங்கியிருந்தார். யாரும் சொல்லவில்லை. உண்மையான டேட்டாபேஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் எதை எடுத்தாலும் உயிரோடு இருப்பதன் மேல் கொட்டாதீர்கள். பக்கத்தில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். பேக்கப்பை இப்படி ஏற்றிப் பார்ப்பதை மாதம் ஒருமுறை செய்துவந்தோம். அதனால் ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்று தெரியும். பதினைந்து நிமிடம் என்று நான் கேட்டது வாயில் வந்த எண் இல்லை.

ஏறிக்கொண்டிருக்கும்போது செண்பகம் மறுபடி கூப்பிட்டாள். பின்னால் பெரியவரின் குரல் கேட்டது.

"அக்கா, அவரையே கேட்டுப்புட்டேன். ஒரு மருந்தும் சேராம இல்லைங்காரு."

"போன தடவை ஊசி போட்டப்ப ஏதாச்சும் ஆச்சான்னு கேளு."

பெரியவரின் குரலே கொஞ்சம் உரக்க வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. மூணு வருசம் முந்தி காலு புண்ணுக்கு ஊசி போட்டாக. மயக்கமா வந்துச்சு. அன்னைக்குக் காலையில நான் சாப்பிடலைல்லா?"

சாகுல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

1.09க்கு ஏறி முடிந்தது. ஒத்திகையில் தேடினேன். இரண்டு வ. ரெங்கசாமிகள் வந்தார்கள். எழுபத்தோரு வயதுக்காரரின் வரியில், கடைசிக் கட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையில் யாரோ அக்கறையாக அடித்திருந்தார்கள்: பென்சிலின் வகை ஊசி கூடாது, டெஸ்ட் டோஸிலேயே மயக்கம், மூச்சுத் திணறல்.

டெஸ்ட் டோஸிலேயே. செண்பகம் கையில் எடுத்து வைத்திருந்ததும் அதே வகை ஊசியின் டெஸ்ட் டோஸ்தான்.

நான் வாசித்தேன், அவள் எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பிறகு, அவள் பேசி நான் கேட்டிராத ஒரு குரலில், "சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். மருத்துவர் வேறு வகை மருந்து எழுதினார். அறுவை 2.40க்குத் தொடங்கியது.

எங்கள் வேலை அப்போதுதான் பாதி. பெரியவரின் வரியை ஒத்திகையிலிருந்து எடுத்து அவருடைய பழைய எண்ணோடு திருப்பி வைத்தோம். பேரன் எண்ணுக்கு மாற்றியிருந்த பழைய சீட்டுகளை அவர் எண்ணுக்கே நகர்த்தினோம். பேக்கப்பில் இல்லாத மூன்று வரிகள் மிஞ்சின. அன்று காலை 10.14க்குப் பிறகு பேரன் எண்ணில் பதிவானவை, பிரஷரும் சர்க்கரையும். அவை யாருடையவை என்று எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. காலையிலும் அப்படித்தான் தெரிந்த மாதிரி இருந்தது. வார்டைக் கூப்பிட்டேன்.

"பதினொண்ணரைக்குப் பிரஷர் பாத்தது யாருக்கு?"

"பெரியவருக்குத்தான். பேரனுக்கு எதுக்குப் பாக்கப் போறேன்? இருந்தாலும் பாத்திருக்கலாம், அவந்தான் வெலவெலத்துப் போயி நிக்கான்."

ஒவ்வொரு கமாண்டையும் சாகுல் படித்தார். இந்த முறை வேடிக்கை பேசவில்லை. எத்தனை வரிகள் மாற வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தேன். திரையில் அதே எண் வந்த பிறகே கமிட் கொடுத்தேன்.

பிறகு மற்ற நாற்பத்தைந்து ஜோடிகள். காலையில் நான் ஒதுக்கிய வயதை இப்போது எடுத்தேன். ஒத்திகையில், வயது வித்தியாசம் முப்பதுக்கு மேல் இருப்பவை மட்டும் காட்டு என்றேன். எட்டு வந்தன. எட்டும் ஆண்கள். பெண்களுக்குப் பாட்டி பெயரே வைத்தாலும் முன்னெழுத்து மாறிவிடும். எட்டு ஜோடியில் யாரும் அன்று மருத்துவமனையில் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தோம்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமில்லாத வயதை வைத்து இரண்டு பேரை ஒருவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் இல்லை, இருவர் என்று சொல்ல அதுவே போதும். ஒரு நெடுவரிசையை நம்ப முடியாது என்று தள்ளுவதற்கு முன்னால், எந்தக் கேள்விக்கு நம்ப முடியாது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இன்னொன்று. கமாண்டை உரக்கப் படிக்கும் பழக்கம் அன்று தன் வேலையைச் சரியாகவே செய்தது. கமாண்டில் பிழை இல்லை. சாகுலின் வேடிக்கையில்தான் பிழை வெளியே வந்தது, நான் அதற்குச் சிரித்தேன். அடுத்த வாரம் அவரிடம் கேட்டேன், "அன்னைக்குத் தெரிஞ்சுதான் சொன்னீகளா?"

"தெரிஞ்சிருந்தா உங்க கையைப் பிடிச்சிருக்க மாட்டேனாக்கா? சும்மா வாயில வந்துச்சு."

அதனால்தான் சொல்கிறேன். என்டருக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பேசினால், கையை எடுத்துவிட்டு, அது ஏன் வேடிக்கையாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அன்று மாலை 5.30க்கு வார்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பெரியவர் கண் விழித்துப் படுத்திருந்தார். பேரன் இளநீரை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு, எப்போது கொடுக்கலாம் என்று செண்பகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க யாரு தாயி? டாக்டரா?"

"இல்லங்க. கம்ப்யூட்டர்ல உங்க பேரை இன்னைக்குக் காலையில அழிச்சது நான்தான். அதனாலதான் உங்களுக்கு லேட்டாச்சு. மன்னிச்சுக்கோங்க."

அவர் தலையணையில் படுத்தபடியே மோவாயால் பேரன் பக்கம் காட்டினார். "எம் பேரு எங்கிட்டயா இருக்கு அழிக்கதுக்கு? பத்தொம்போது வருசம் முந்தியே அந்தா அவன்ட்ட குடுத்தாச்சே."

"அதுதாங்க சிக்கலே," என்றேன். செண்பகம் ஓரமாகத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

"அந்த ஊசி உங்களுக்குச் சேராதுங்க. சாப்பிடாததால வந்த மயக்கமில்லை அது. இனிமே யார் கேட்டாலும் சொல்லணும்."

"சொல்லுதேன், சொல்லுதேன்." பேரனைப் பார்த்தார். "நீயும் சொல்லுலே. நான் மறந்துருவேன்."

மேலாளருக்கான குறிப்பை அன்றே எழுதிக் கொடுத்தேன், நடந்தது நடந்தபடி, நேரங்களோடு. "என்னால்" என்ற சொல் அதில் முதல் வரியிலேயே இருந்தது. இப்படி எழுதினால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். எனக்குப் போகவில்லை. தவிர, யார் செய்தது என்ற விசாரணையில் ஒரு நாள் வீணாகாமல், அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்தது. பிறந்த தேதிக்கும் அப்பாவின் முழுப் பெயருக்கும் கட்டம் சேர்ப்பது என்று முடிவானது. ஒன்றாக்கும் பட்டியல் எதுவானாலும் பதிவு கவுண்டரில் இருப்பவர் ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஓட வேண்டும் என்பதும் அன்றிலிருந்துதான்.

மறுநாள், ஜூலை 10. அதே 7.20 பஸ். மலை தெளிவாக இருந்தது. 8.05க்கு அறைக்குள் போனேன். வழக்கமாக முதலில் பார்ப்பது பேக்கப்பை. அன்று பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, நின்றபடி, உண்மையான டேட்டாபேஸில் ஒரே ஒரு கமாண்ட் அடித்தேன். எதையும் மாற்றாத, வெறுமனே காட்டு என்று கேட்கும் கமாண்ட். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் உரக்கப் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்: எந்த டேட்டாபேஸில்? உண்மையான டேட்டாபேஸில். மகாராஜபுரம், வ. ரெங்கசாமி.

இரண்டு வரிகள் வந்தன.